சென்னைப் பெருநகரத் திட்டமிடலில் நீர்வளமும் வெள்ள இடரும்

ஓர் ஊரின் நிலத்தை எதற்கு, எவ்வளவு, எந்த நிபந்தனையுடன் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்வது உள்ளூர்த் திட்டமிடல் எனப்படும். அந்த முடிவுகளில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்பதே நீர்வள, வெள்ள இடர்க் கொள்கையாகும். இங்கு வரப்போகும் மக்களுக்குக் குடிநீர் எங்கிருந்து வரும் என்பது முதல் கேள்வி. இங்கு பெய்யும் மழையும் மேலிருந்து வரும் நீரும் எந்த வழியாகப் போகும் என்பது இரண்டாவது. சென்னைப் பெருநகரில் நெடுங்காலமாக முதல் கேள்வியைக் குடிநீர் வாரியமும், இரண்டாவதைப் பொதுப்பணித் துறையும் மாநகராட்சியும், நிலத்தைப் பற்றிய முடிவைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் தனித்தனியே பார்த்து வந்துள்ளன. 2015 இல் வெள்ளத்தில் மூழ்கிய நகரம் 2019 இல் தொடருந்தில் தண்ணீர் வரவழைத்தது. நான்கே ஆண்டு இடைவெளியில் இவ்விரண்டும் நடந்ததற்கு மழையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

நில அமைப்பு

சென்னை கடலோரச் சமவெளி. நிலத்தின் சரிவு மிகக் குறைவு. பல பகுதிகள் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்திலேயே உள்ளன. வடக்கே கொற்றலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு ஆகிய மூன்று ஆறுகளும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக் கடலில் கலக்கின்றன. கடற்கரைக்கு இணையாக ஓடும் பக்கிங்காம் கால்வாய் இவற்றைக் குறுக்காக இணைக்கிறது. தெற்கே கோவளம் வடிநிலத்தின் நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டுப் பக்கம் கடலுக்குப் போகிறது.

ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில், அதிலும் சில நாள்களில், கொட்டித் தீர்ந்துவிடும். அந்தச் சில நாள் மழையைப் பிடித்து வைத்தால்தான் மற்ற மாதங்களுக்குத் தண்ணீர் உண்டு; பிடித்து வைக்க இடமில்லாவிட்டால் அதே மழை வெள்ளம். வெள்ளமும் வறட்சியும் எதிரெதிரானவை என்று பாடநூல்களில் படித்திருப்போம். சென்னையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேர் ஒன்றே.

ஏரிச் சங்கிலி

இதைப் பழைய தொண்டை மண்டலத்து மக்கள் நன்றாகவே அறிந்திருந்தனர். வற்றாத ஆறு இல்லாத இந்த நிலத்தில் அவர்கள் கண்ட வழி ஏரி. சரிவின் குறுக்கே பிறை வடிவில் மண்கரை போட்டு மழைநீரைத் தேக்கினர். ஏரிக்குள் நீர் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். பாசனத்துக்கு நீர் விடும் திறப்பு மதகு. ஏரி நிறைந்தபின் மிகுதி நீர் கரையை உடைக்காமல் வழிந்து போகும் கட்டுமானம் கலங்கல். தென்மாவட்டங்களில் மறுகால் என்பர். கலங்கலில் வழிந்த நீர் போக்குக் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. கடைசி ஏரியின் உபரி ஆற்றிலோ சதுப்பு நிலத்திலோ சேரும்.

எடுத்துக்காட்டாக, தென்சென்னையில் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் போன்ற ஏரிகளின் உபரி கடைசியில் பள்ளிக்கரணைக்குத்தான் வர வேண்டும். சங்கிலி என்ற சொல்லை இங்கே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் மேலே உள்ள ஏரியின் உபரி தெருவில் பாயும். கீழே உள்ள ஏரி வறண்டு கிடக்கும். ஏரியைத் தூர்வாரி, கரையில் நடைபாதை போட்டு, விளக்கு வைத்து அழகுபடுத்திவிட்டு, போக்குக் கால்வாய் மேல் நிற்கும் கட்டடங்களைத் தொடாமல் விட்டால் அந்த ஏரியைச் சீரமைத்ததாகக் கொள்ள முடியாது. நாளிதழ்களில் வரும் ஏரிச் சீரமைப்புச் செய்திகளைப் படிக்கும்போது கால்வாய் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

ஏரியைப் பராமரிப்பதற்கென்று ஊருக்குள்ளேயே அமைப்பு இருந்தது. சென்னைக்குத் தென்மேற்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 10 ஆம் நூற்றாண்டிலேயே குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. அவற்றுள் ஏரி வாரியமும் ஒன்று. தேர்தல் முறைக்காக மட்டும் அக்கல்வெட்டை மேற்கோள் காட்டும் நாம், அந்தத் தேர்தல் எதற்காக நடந்தது என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

நகரம் பெருகியபோது ஏரிகள் விளைநிலத்தை இழந்தன. பாசனம் இல்லாத ஏரி பயனற்ற நிலமாகத் தெரிந்தது. 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியை நிரப்பித் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. அருகிலுள்ள குடியிருப்பு இன்றும் ஏரிப் பகுதி என்றே அழைக்கப்படுகிறது. முகப்பேரில் வீட்டுவசதித் திட்டத்தின் பெயரே ஏரித் திட்டம். ஆக்கிரமிப்பு என்றவுடன் குடிசைகளே நினைவுக்கு வருகின்றன. ஆனால், சென்னையின் பெரிய ஏரிகள் பலவற்றை வரைபடம் போட்டு, அரசாணை பிறப்பித்து, மனை பிரித்து நிரப்பியது அரசே.

சில கணக்குகள்

நீர் பற்றிய விவாதங்களில் கன அடி, டி.எம்.சி., மில்லியன் லிட்டர் என்று பல அலகுகள் வருவதால் பொதுமக்கள் ஒதுங்கிவிடுகின்றனர். எட்டாம் வகுப்புக் கணக்கே போதும்.

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் அது 10,000 கன மீட்டர், அதாவது 1 கோடி லிட்டர். 100 சதுர மீட்டர் (ஏறத்தாழ 1,075 சதுர அடி) மொட்டை மாடியில் ஆண்டுக்கு 1,400 மி.மீ. மழை பெய்தால் 1,40,000 லிட்டர். ஆவியாதல், சிதறல் போக 80 விழுக்காட்டைப் பிடித்தாலும் 1,12,000 லிட்டர். நகர்ப்புறத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுவோர் வைத்துக்கொள்ளும் அளவு. நால்வர் குடும்பத்துக்கு 540 லிட்டர். ஆக, அந்த மாடியில் விழும் நீர் ஒரு குடும்பத்துக்கு 207 நாள் வரும். மாணவர்கள் இந்த விடையை முதலில் நம்பமாட்டார்கள். மீண்டும் பெருக்கிப் பார்ப்பார்கள். அத்தனையையும் தொட்டியில் சேமிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் நிலத்துக்குள் இறக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே மாடியைப் பல குடும்பங்கள் பங்கிட வேண்டியிருப்பதால் இந்தக் கணக்கு அங்கே சுருங்கிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனிப் பெரிய கணக்கு. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. சுமார் 2,830 கோடி லிட்டர். சென்னைக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் அளவில் நீர் வழங்கினால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு டி.எம்.சி. ஆகும். பூண்டி (3,231 மில்லியன் கன அடி), சோழவரம் (1,081), புழல் (3,300), செம்பரம்பாக்கம் (3,645), 2020 இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை (500) ஆகிய ஐந்து நீர்த்தேக்கங்களின் மொத்தக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி. அதாவது 12 டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவு. எல்லாம் நிரம்பினால், ஆவியாதல் இழப்பை விட்டுவிட்டால், ஓராண்டுக்குச் சரியாக வரும். ஒரு பருவமழை பொய்த்தால் அடுத்த கோடைக்குக் கையிருப்பு இல்லை.

பழைய பெருநகரப் பரப்பான 1,189 சதுர கி.மீ.யில் ஓராண்டில் விழும் மழை மட்டும் ஏறத்தாழ 59 டி.எம்.சி. இதில் பெரும்பகுதி ஆவியாகும், ஊறும், ஓடும். இருந்தாலும் இந்த எண்ணை மேற்கண்ட 12 டி.எம்.சி. அருகில் வைத்துப் பார்த்தால், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது விளங்கும்.

2015, 2019

2015 நவம்பரில் சென்னையில் 1,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்தது. நிலம் நனைந்து, ஏரிகள் நிறைந்து இருந்த நிலையில், டிசம்பர் 1 முதல் மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. இந்த அளவில் ஒரு நாள் முழுவதும் திறந்தால் 2.5 டி.எம்.சி.; நகரத்துக்கு இரண்டரை மாதம் வரக்கூடிய தண்ணீர். கூடவே, மேலேயுள்ள பல சிறு ஏரிகளின் உபரியும் உடைப்பெடுத்த நீரும் அதே ஆற்றுக்கு வந்தன. கரையோரக் குடியிருப்புகள் இரவோடிரவாக மூழ்கின. ஆற்றின் மேலேயே ஓடுபாதை நீட்டப்பட்டிருந்த விமான நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது.

ஏரியை முன்னதாகவே படிப்படியாகத் திறந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் கருத்து. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கையும் நீர்த்தேக்க மேலாண்மையைக் கடுமையாகக் குறை கூறியது; 2018 இல் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆயினும் மதகைத் திறந்த நேரத்தை மட்டும் பேசுவது முழுமையாகாது. குடிநீருக்காக ஒவ்வொரு சொட்டையும் சேர்த்து வைக்க வேண்டிய அதே ஏரியை, வெள்ளத்தைத் தாங்குவதற்காகக் காலியாகவும் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இந்த முரண்பாட்டைப் பொறியாளர் ஒருவரின் இரவு நேர முடிவிடம் விட்டுவிடலாகாது. சேமிக்க வேறு இடங்கள் இருந்திருந்தால் அந்த முடிவு அவ்வளவு கடினமாக இருந்திராது.

2019 கோடையில் படம் தலைகீழானது. ஜூனில் குடிநீர் ஏரிகளின் இருப்பு கொள்ளளவில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போனது. உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. சில தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லின. தெருமுனையில் பல வண்ண நெகிழிக் குடங்கள் வரிசை பிடித்தன. ஜூலை மாதத்தில் சோலையார்பேட்டையிலிருந்து 50 தொட்டிப் பெட்டிகள் கொண்ட தொடருந்து 25 லட்சம் லிட்டர் நீருடன் வில்லிவாக்கம் வந்தது. மேலே போட்ட கணக்கின்படி, அது நால்வர் குடும்பங்கள் 4,600 இன் ஒரு நாள் தேவை.

பல பத்தாண்டுகளாகவே நகரம் தண்ணீர் தேடித் தொலைவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1983 ஒப்பந்தப்படி கிருஷ்ணா நீர், 2004 முதல் கடலூர் மாவட்ட வீராணம் ஏரி நீர், மீஞ்சூரில் 2010 இலும் நெம்மேலியில் 2013 இலும் தொடங்கிய, நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள், 2024 இல் நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டரில் மற்றொன்று. இவற்றுள் சில 2019 இல் நகரைக் காப்பாற்றின என்பதை மறுக்க முடியாது. ஆனால், கடல்நீரைக் குடிநீராக்க மின்சாரம் அதிகம் செலவாகும். வீராணம் நீர் காவிரி உழவருக்கும் உரியது. கழிவுநீரை உயர்நிலைச் சுத்திகரிப்பு செய்து தொழிற்சாலைகளுக்கு அளிக்கும் கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்கள் (தலா 4.5 கோடி லிட்டர்) அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மழை பொய்த்தாலும் குறையாத நீர்வளம் கழிவுநீர் ஒன்றே. பெயரைக் கேட்டு முகம் சுளிக்கிறோம்.

பள்ளிக்கரணை

இந்தச் சதுப்பு நிலம் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும், ஏனெனில் திட்டமிடலின் தவறுகளும் திருத்தங்களும் ஒரே இடத்தில் காணக் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் 5,000 எக்டேருக்கு மேல் பரந்திருந்த கழுவெளி இது. ஏறத்தாழ 250 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்புப் பரப்பின் வெள்ளத்தை வாங்கி, மெல்ல மெல்ல விடுவதே இதன் வேலை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் கழுவெளி என்பது தரிசுக்கு நிகராகவே கருதப்பட்டது. வரி கிடைக்காத நிலம் வீண் நிலம் என்பது குடியேற்ற ஆட்சிக்காலக் கணக்கு. அதையே நாமும் தொடர்ந்தோம். பெருங்குடியில் மாநகரக் குப்பை கொட்டப்பட்டது. சாலைகள், பறக்கும் தொடருந்து நிலையம், அரசு நிறுவனங்கள், தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், அடுக்குமாடிகள் ஒவ்வொன்றாக வந்தன.

பின்னர் திருப்பம் வந்தது. 2007 இல் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022 இல் 1,247.54 எக்டேர் பரப்பு ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது. காத்த பரப்பு மதிப்புமிக்கதுதான். ஆனால் 250 சதுர கி.மீ. நீரை வாங்கும் பாத்திரம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. வெளியேறும் வாயான ஒக்கியம் மடுவும் நெருக்கப்பட்டது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாம் புயல் மழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் படகு விட நேர்ந்தது. அங்கே வீடு வாங்கியவர்கள் ஏமாளிகள் அல்லர். முறையான திட்ட அனுமதி, வங்கிக் கடன், பதிவு செய்த பத்திரம் எல்லாம் வைத்திருப்பவர்கள். நீர் எங்கே நிற்கும் என்பது மட்டும் அந்த ஆவணங்கள் எதிலும் இல்லை.

சட்டங்களும் விதிகளும்

சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1987 ஆம் ஆண்டுச் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் உள்ளது. 2003 இல் அவசரச் சட்டத்தின் மூலம் தமிழகத்தின் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் மற்ற மாநிலங்கள் திரும்பிப் பார்த்த நடவடிக்கை அது. அடுத்து வந்த மழையில் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததைச் சென்னைவாசிகள் கண்ணாரக் கண்டனர். ஆனால் அன்று அமைத்த வடிகுழிகளில் எத்தனை இன்று மண்ணடைக்காமல் உள்ளன என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டு வாசலில் பார்த்துக்கொள்ளலாம். கூழாங்கல்லையும் மணலையும் ஆண்டுக்கொரு முறை எடுத்துக் கழுவிப் போடாவிட்டால் நீர் இறங்காது. 2007 இல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. 2017 இல் நடுவண் அரசின் ஈரநில விதிகள் வந்தன.

நிலப் பயன்பாட்டைப் பொறுத்தவரை, 2008 இல் அறிவிக்கப்பட்டு 2026 வரைக்குமென வகுக்கப்பட்ட இரண்டாம் முழுமைத் திட்டமே அடிப்படை. குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை, திறந்தவெளி என்று மண்டலம் பிரித்துள்ள அத்திட்டம், புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் திருவான்மியூருக்குத் தெற்கே கடற்கரையோர மணற்பாங்கான நிலத்தடி நீர் ஊறும் பகுதியிலும் கட்டுமானத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள் விதித்தது. இவ்விரண்டும் நல்ல முன்மாதிரிகள். நீர்நிலை அருகிலும் தாழ்வான இடங்களிலும் மனைப்பிரிவோ பெரிய கட்டடமோ வருமானால், வெள்ளம் சூழும் வாய்ப்பைப் பார்த்து நீர்வளத் துறை தடையின்மைச் சான்று தர வேண்டும். அச்சான்று பெரும்பாலும் ஒவ்வொரு மனையையும் தனியே பார்த்து, தரையை இத்தனை மீட்டர் உயர்த்துக, கால்வாய்க்கு இத்தனை அகலம் விடுக என்று நிபந்தனை போடும். சிக்கல் அங்கேதான். ஒருவர் தம் மனையை ஒரு மீட்டர் உயர்த்தினால் அவருக்குப் பாதுகாப்பு. அந்த ஒரு மீட்டர் நீர் அடுத்த மனைக்குப் போகும். எல்லோரும் உயர்த்தினால் சாலையும், சாலையையும் உயர்த்தினால் பழைய வீடுகளும் மூழ்கும். மாம்பலம், வேளச்சேரிப் பழைய வீடுகளில் வாசலிலிருந்து கூடத்துக்குப் படி இறங்கிப் போக வேண்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெள்ள மண்டல வரைபடம்

இதற்கு மாற்றாகப் பல நாடுகள் கையாள்வது, நிலம் முழுவதையும் வெள்ள வாய்ப்பின்படி முன்னரே வகைப்படுத்துவதாகும். இங்கிலாந்தில் ஆற்று வெள்ளம் வரும் வாய்ப்பு ஓராண்டில் ஆயிரத்தில் ஒன்றுக்குக் குறைவான நிலம் முதல் மண்டலம். ஆயிரத்தில் ஒன்றுக்கும் நூற்றில் ஒன்றுக்கும் இடைப்பட்டது இரண்டாம் மண்டலம். நூற்றில் ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால் மூன்றாம் மண்டலம். வெள்ளநீர் தங்குவதற்கென்றே விட வேண்டிய நிலம் மூன்றிலேயே தனிப் பிரிவு. உள்ளாட்சி தன் திட்டத்தை வகுக்கும்போது, முதலில் இடர் குறைந்த நிலத்தில் இடம் தேட வேண்டும். அங்கே இல்லை என்று காட்டிய பின்னரே அடுத்த மண்டலத்துக்குப் போகலாம். மருத்துவமனைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. நீர்த்தட்டுப்பாடுள்ள வட்டாரங்களில், புதிய வீடுகளை ஒருவருக்கு நாளொன்றுக்கு 110 லிட்டருக்குள் போதுமாறு அமைக்க வேண்டும் என்று உள்ளாட்சி நிபந்தனை விதிக்கவும் இடமுண்டு. அங்கேயும் வெள்ளச் சமவெளியில் வீடு கட்டுவது முற்றிலும் நின்றுவிடவில்லை. இருந்தாலும், வரைபடம் எவரும் பார்க்கும்படி வெளியில் இருக்கிறது.

நூற்றில் ஒன்று என்பதைப் பலர் நூறாண்டுக்கு ஒருமுறை என்று புரிந்துகொண்டு, 2015 இல் வந்துவிட்டது, இனி 2115 இல்தான் என்று ஆறுதலடைகின்றனர். அப்படியன்று. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சுண்டப்படும் காசு அது. 30 ஆண்டு வீட்டுக் கடன் வாங்கியவருக்கு, கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அந்த வெள்ளம் வரும் வாய்ப்பு 26 விழுக்காடு. அதாவது நால்வரில் ஒருவருக்கு.

இந்தியாவுக்கு இந்தச் சிந்தனை புதிதன்று. வெள்ளச் சமவெளி மண்டலம் பற்றிய மாதிரிச் சட்ட முன்வடிவை நடுவண் அரசு 1975 இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர் (1978) உள்ளிட்ட மிகச் சில மாநிலங்களே சட்டமாக்கின. தமிழகம் அவற்றுள் இல்லை. நிலத்தின் விலை இறங்கும் என்ற அச்சமே பெரிய தடை எனலாம். நிலம் வைத்திருப்பவரின் அந்த அச்சம் நியாயமானதுதான்; ஆனால் வரைபடத்தை மறைத்து வைத்தால் இழப்பு இல்லாமல் போவதில்லை, வாங்குபவர் தலையில் விழுகிறது, அவ்வளவே.

வடிகாலா, ஏரியா?

2015 க்குப் பின் சென்னையில் மழைநீர் வடிகால் பணிகள் பெருமளவில் நடந்தன. கொற்றலையாறு, கோவளம், அடையாறு-கூவம் வடிநிலங்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, செருமானிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி ஆகியவற்றின் கடனுதவி கிடைத்தது. 2021 வெள்ளத்துக்குப் பின் ஓய்வுபெற்ற இ.ஆ.ப. அலுவலர் வெ. திருப்புகழ் தலைமையில் அமைந்த குழு 2023 இல் அறிக்கை அளித்தது. பல தெருக்களில் நீர் வடியும் நேரம் குறைந்திருப்பதை மக்களே கூறுகின்றனர்.

ஆனால் வடிகால் என்பது நீரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோகும் குழாய்தான். போய்ச் சேரும் ஆற்றின் மட்டம் உயர்ந்திருந்தால், கடலில் ஏற்றம் இருந்தால், நீர் பின்னோக்கி வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையோர மணற்பகுதியில் கான்கிரீட் வடிகால் போடுவதை அங்கே குடியிருப்போர் எதிர்த்தது இதையொட்டியே. மணலே நீரைக் குடித்துவிடும் இடத்தில், நிலத்தடியில் சேர வேண்டிய நீரைக் கடலுக்கு அனுப்புவானேன் என்று அவர்கள் கேட்டனர். முழுமைத் திட்டம் நீர் ஊறும் பகுதி என்று குறித்த நிலமும் அதுவே என்பதை நினைவிற் கொள்க. இப்போது மாநகராட்சி, மழைநீர் உறிஞ்சும் பூங்காக்களை அமைத்து வருகிறது. கிண்டியில் குதிரைப் பந்தயத் திடல் இருந்த அரசு நிலத்தில் குளங்கள் வெட்டப்பட்டுள்ளன. நகரின் நடுவே நூறாண்டாக மூடிக்கொண்டே வந்த குளங்களுக்கு எதிர்த்திசையில் வைத்த அடி என்ற அளவில் இது கவனத்துக்குரியது.

யாரை எங்கே அனுப்புவது

வெள்ள இடரைக் காரணம் காட்டிக் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் பல்லாயிரம் அகற்றப்பட்டன. அவர்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கொடுக்கப்பட்ட பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணையின் தென்புறத் தாழ்நிலங்கள். வேலை இடத்திலிருந்து 20 கி.மீ.க்கு மேல் தள்ளிப் போனவர்கள், அங்கும் மழைக்காலத்தில் மாடிப்படியில் நீர் ஏறுவதைக் கண்டனர். பள்ளிக்கூடத்துக்கும் பேருந்துக்கும் நெடுநாள் காத்திருந்த பிள்ளைகள் பலர் படிப்பை விட்டனர். ஆற்றங்கரையில் குடிசை ஆபத்தானது என்றால், அதே கரையில் நிற்கும் பெரிய கட்டடங்களுக்கு என்ன பெயர் என்ற கேள்விக்கு இதுவரை எந்தத் திட்ட ஆவணமும் விடை சொல்லவில்லை.

இனி

பெருநகரப் பரப்பு 2022 இல் 1,189 இலிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக விரிவாக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, இராணிப்பேட்டை மாவட்டங்களின் ஏரிகள் ஏராளமானவை இப்போது திட்டப் பரப்புக்குள் வந்துள்ளன. அவற்றில் பலவற்றின் கீழே இன்னும் நெல் விளைகிறது. கலங்கலும் கால்வாயும் இன்னும் அறுபடாமல் உள்ளன. தியாகராய நகருக்கு 1920களில் நேர்ந்தது இவற்றுக்கு நேருமா இல்லையா என்பதை இப்பகுதிக்கென இனி வகுக்கப்படும் திட்டம் தீர்மானிக்கும். வரைவு வெளியிடப்படும்போது ஆட்சேபங்களும் கருத்துகளும் தெரிவிக்கப் பொதுமக்களுக்குக் காலம் தரப்படும். அக்காலத்தில் எழுதித் தருபவர்கள் பெரும்பாலும் நில உரிமையாளர்களும் கட்டுமான நிறுவனத்தாருமே. ஏரிக்கரை ஊரார் எழுதுவது அரிது.

விரிவாக்கப்பட்ட பகுதியின் ஊராட்சிகளுக்குக் கிராம சபை என்ற கருவி உண்டு. தமிழகத்தில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22ஐ ஒட்டியும் கிராம சபை கூடுகிறது. தம் ஊர் ஏரிக்கு வரத்துக் கால்வாய் எத்தனை, கலங்கல் நீர் எந்த ஊருக்குப் போகிறது, நடுவில் எந்தெந்தப் புல எண்கள் வருகின்றன என்று பட்டியலிட்டுத் தீர்மானம் போட்டால், அது பிற்காலத்தில் திட்ட அனுமதி வழக்குகளில் ஆவணமாகும். ஊரில் வயதானவர்கள் இருக்கும்போதே இப்பட்டியலை எழுதிவிட வேண்டும். போக்குக் கால்வாய் ஓடிய தடம் பல இடங்களில் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது.

மனை வாங்குபவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நில்லாமல், கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய்த் துறையின் இணையதளத்திலோ அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்க்க வேண்டும். வாங்கும் புல எண்ணை மட்டுமன்றி அதைச் சுற்றியுள்ள எண்களின் வகைப்பாட்டையும் படிக்க வேண்டும். ஏரி, குளம், தாங்கல், ஓடை, வாய்க்கால், கழுவெளி என்ற சொற்களில் ஏதேனும் ஒன்று பக்கத்து எண்ணில் இருந்தால், அங்கே இப்போது சாலை தெரிந்தாலும் சரி, கட்டடம் தெரிந்தாலும் சரி, ஒரு நவம்பர் மாதத்து மழை நாளில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கலாம்.